பின்னால் ஓட்டிப் பார்த்த ஜீப்

தாழைமேட்டுக்கு பஸ் கிடையாது. கீழே கொட்டாரப்பட்டியில் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கல்லும் சேறும் ஓடைத் தண்ணீரும்தான் பாதை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், காய்ச்சலோடு போகிறவர்கள், எல்லாரும் ஜீப்பில்தான் ஏறி இறங்க வேண்டும். தார் ரோடு முடிகிற இடத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். முதலில் வந்தது முதலில் போகும்.

அந்த வரிசையில் புதிதாக ஒரு வண்டி நிற்க வேண்டுமென்றால் அன்னக்கொடி சம்மதிக்க வேண்டும். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எந்தச் சங்கத்துக்கும் தலைவி இல்லை. அங்கே ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மலைப்பாதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் வாத்தியாரம்மா என்று பெயர் வந்துவிட்டது.

அவள் பரீட்சை வைக்கிற விதம் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். புதியவனின் வண்டியில் முன்சீட்டில் உட்கார மாட்டாள். பின்னால், ஆட்கள் உட்காரும் பலகையில் போய் உட்கார்ந்துகொள்வாள். தாழைமேடு வரை போய்த் திரும்புவார்கள். வழியில் எங்காவது அவள் இறங்கிக்கொண்டால் அவன் தேறிவிட்டான், மறுநாளே வரிசையில் நிற்கலாம். கடைசி வரை உட்கார்ந்திருந்து ஸ்டாண்டிலேயே வந்து இறங்கினால் தேறவில்லை. ஏன் என்று சொல்ல மாட்டாள். கேட்டால் டீ வாங்கிக் கொடுப்பாள்.

சவரிமுத்து அவளிடம் வந்தபோது அவனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவன். அஸ்ஸாம் வரை லோடு கொண்டுபோய் வந்தவன். தன் வீட்டில் அவன் சாப்பிட்ட ராத்திரிச் சாப்பாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனைவி ஆரோக்கியம் அதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. அவன் வருகிற நாட்களில் விருந்தாளிக்கு வைக்கும் பூப்போட்ட தட்டை எடுத்து அவன் முன் வைப்பாள், அவ்வளவுதான். அந்தத் தட்டைப் பார்த்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

இனி லாரி வேண்டாம், ஊரோடு இருந்து ஜீப் ஓட்டலாம் என்று அவன் முடிவெடுத்தான். சங்ககிரியிலிருந்த லாரி முதலாளி நல்ல மனிதர். ஆடி முடியும் வரை இவன் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் வருவதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். ஆரோக்கியம் வழக்கம்போலச் சண்டை போடவில்லை. வரிசையில் நின்று காட்டு, அப்புறம் உனக்கு என்று ஒரு தட்டு வாங்குகிறேன் என்றாள்.

அன்னக்கொடியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, எந்த வண்டி எடுக்கலாம் என்பதுதான். பழைய வண்டிதான் எடுக்க முடியும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருக்க வேண்டும், அதற்கு மேல் நீங்கள் சொல்லுங்கள் என்றான்.

"வாங்கண்ணே, பாத்துட்டு வருவோம்" என்றாள் அவள்.

கம்பத்தில் ஒரு ஜீப் இருந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்து, பாட்டுப்பெட்டி வைத்து, புதுமாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். விற்கிறவர் சாவியைக் கொடுத்து, பைபாஸ் வரை ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள் என்றார். அன்னக்கொடி ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியர் போட்டாள். வண்டி நின்றிருந்த காலி மனையைச் சுற்றிப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு இடத்தில் கியர் தானாகக் கழன்று துள்ளியது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விற்கிறவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தாள். விற்கிறவர் குழம்பிப் போனார்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் இன்னொன்று கிடைத்தது. சவரிமுத்துவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பாதி மயங்கிவிட்டான். அன்னக்கொடி அதையும் கண்மாய்க் கரை மேல் பின்பக்கமாகவே ஏற்றினாள். மேற்கூரைத் தகடு தலையை இடித்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நல்ல வண்டிதான், நமக்கு வேண்டாம் என்று இறங்கிவிட்டாள். வீடு வரும் வரை சவரிமுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

கடைசியில் ஒரு காபித் தோட்டத்தில் பச்சை வெளுத்துப்போன ஜீப் ஒன்று. மேல் கித்தான் கிழிந்திருந்தது. ஒரு பக்கக் கதவு கயிற்றில் நின்றது. அன்னக்கொடி ஒரு கையை சீட்டின் முதுகில் போட்டு, தெரிந்தவர் யாரையோ தேடுகிற மாதிரி முழுசாகப் பின்னால் திரும்பி, காபிக்கொட்டை காயப்போடும் களத்திலிருந்து மேட்டு பங்களா வரை பின்பக்கமாகவே ஏறினாள். வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. இறங்கி வந்து, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"வாத்தியாரம்மா, முன்னாடி ஓட்டியே பாக்கலையே."

"நீங்க பாருங்களேன்" என்று சாவியை அவன் கையில் வைத்தாள்.

அவன் ஓட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் போயிற்று.

பின்னால் மட்டும் ஏன் ஓட்டினாள் என்பதற்கு சவரிமுத்து ராவெல்லாம் யோசித்து ஒரு விடை கண்டுபிடித்தான். ரிவர்ஸ் கியர் தேய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் மொத்தமும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், வாத்தியாரம்மா ஒரே கியரில் வண்டியின் வயதைக் கண்டுபிடித்துவிடுகிறாள் என்று மறுநாள் டீக்கடையில் எல்லாருக்கும் விளக்கினான். லாரிக்காரன் அல்லவா, விளக்கம் திருத்தமாக இருந்தது. டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மறுக்கவில்லை.

அடுத்த கேள்வி, வண்டியில் என்னென்ன மாட்டுவது என்பது.

"நாளைக்கு என் வண்டியில வாங்கண்ணே. பாதையைக் கேட்டுட்டு மாட்டுங்க."

அவன் அவளோடு போனான். கல் ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவள் இறங்கி நாலு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கினாள். டயர் சற்று அமுங்கிக் கல்லைக் கவ்விக்கொண்டது. அதை அவன் கவனித்து வைத்துக்கொண்டான். ஓடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்தான். வழுக்குப் பாறையில் எந்த இடத்தில் சக்கரம் சுற்றுகிறது என்று பார்த்தான். திரும்பி இறங்கும்போது இரண்டு மூன்று தடவை வண்டி நின்றது, பின்னால் போனது, எதிரே ஏறி வந்த ஜீப் கடந்ததும் மறுபடி முன்னால் போனது. அந்த நேரமெல்லாம் சவரிமுத்து தலையை வெளியே நீட்டி, பாறைக்கும் வண்டி வயிற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கே ஹனீபாவின் பட்டறையில் வண்டியை விட்டான். ஹனீபாவுக்கு வெல்டிங் என்றால் உயிர். ஒன்று கேட்டால் இரண்டு செய்து தருவார். டயர் பெரிதாயிற்று. வில்பட்டை மாற்றி வண்டி ஒரு சாண் உயர்ந்தது. முன்னால் இரும்பு பம்பர், அதற்குள் வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச், அதற்கு மேல் வரிசையாக விளக்கு. முன்பக்கம் முடிந்ததும் இருவருக்கும் கை ஓயவில்லை, பின்பக்கம் போனார்கள். கிழிந்த கித்தானை எடுத்துவிட்டுத் தகடு அடித்தார்கள். அதற்கு வெளியே ஒரு கனமான இரும்புச் சட்டம் வைத்து, அதில் பெரிய ஸ்டெப்னி, இரண்டு டீசல் கேன், மண்வெட்டி, கூரைக்கு ஏற ஒரு ஏணி. சட்டம் முழுவதையும் கதவு போலத் திறந்து மூடலாம், கொண்டி வெளியே இருந்தது.

வண்டி ஸ்டாண்டுக்கு வந்த அன்று கூட்டம் கூடிவிட்டது. சவரிமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பார்க்கிற யாருக்கும் அவனைக் குறை சொல்ல மனம் வராது. அன்னக்கொடி வண்டியைச் சுற்றி வந்தாள். டயர் நல்ல தேர்வு என்றாள். இழுவைக் கொக்கியை ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். பின்பக்கம்தான் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"பின்னாடி நல்ல கனம்ணே" என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவன் சிரித்தான். பரீட்சைக்கு அரிசி மூட்டைகளோடு அவளையும் ஏற்றி உட்காரவைத்து, சட்டத்தை மூடிக் கொண்டியைப் போட்டான். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே, வழியில எறங்கணும்னா நான் யாரைக் கேக்கணும்?"

ஸ்டாண்டே சிரித்தது. ஹாரன் அடிக்கிற மாதிரி தகட்டைத் தட்டினால் நிறுத்துகிறேன் என்று சவரிமுத்து சொல்லிவிட்டுக் கிளப்பினான்.

ஏறுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஏறியது. டயரில் காற்றைப் பிடுங்க மறக்கவில்லை. ஓடையில் தண்ணீர் வண்டியின் வயிற்றைத் தொடவில்லை. மற்றவர்கள் இரண்டு தடவை முட்டி ஏறும் வழுக்குப் பாறையில் அவன் ஒரே மூச்சில் ஏறினான். தாழைமேட்டில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, இனி இறக்கம்தானே என்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான். அவள் இன்னும் தகட்டைத் தட்டவில்லையே என்று மட்டும் ஒரு குறுகுறுப்பு.

யானைமுடக்கு என்கிற வளைவில் எதிரே செல்லையாவின் ஜீப் வந்தது. தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நிறைய இருந்தார்கள். அந்தப் பாதையில் இரண்டு வண்டி ஒன்றையொன்று கடக்க முடியாது. அங்கங்கே ஒதுக்கு என்று கொஞ்சம் அகலமான இடம் உண்டு. ஆளோடு ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும், பின்னால் ஏறி மேலே இருக்கிற ஒதுக்குக்குப் போக வேண்டும். மலையில் யாரும் அதை எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

சவரிமுத்து ரிவர்ஸ் போட்டான். கண்ணாடியில் ஸ்டெப்னி தெரிந்தது. திரும்பிப் பார்த்தான், தகடு தெரிந்தது. தலையை வெளியே நீட்டினான், டீசல் கேன் தெரிந்தது. பாதை மட்டும் தெரியவில்லை. குத்துமதிப்பாகப் பின்னால் விட்டான். இரும்புச் சட்டம் மண்மேட்டில் போய்ச் செருகிக்கொண்டது. முன்னால் எடுத்து மறுபடி விட்டான். மறுபடி செருகியது. அஸ்ஸாம் வரை லாரி ஓட்டியவன் இங்கே திணறிப்போனான். லாரியில் பின்னால் தட்டிச் சொல்ல ஒரு கிளீனர் இருப்பான்.

பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கிப் பாறையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த வேர்க்கடலையை எடுத்துப் பங்கு வைத்தாள். அண்ணன் பொறுமையா வரட்டும், ஏலக்காய் எங்கே ஓடிப் போகப் போகிறது என்று இன்னொருத்தி சொன்னாள். அவர்கள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் செல்லையாதான் பின்னால் போனான். இறக்கத்தில், வளைவுகளில், தன் வண்டியின் பின்பக்கம் வழியே பார்த்துக்கொண்டே, கீழே இருந்த ஒதுக்கு வரை போய் ஒதுங்கி நின்றான். சவரிமுத்து கடந்து போகும்போது செல்லையா கையை மட்டும் தூக்கினான். பெண்கள் ஒதுக்கு வரை நடந்து வந்து ஏறிக்கொண்டார்கள்.

அன்னக்கொடி தகட்டைத் தட்டவே இல்லை. ஸ்டாண்டில் அவன் கொண்டியைத் திறந்த பிறகுதான் இறங்கினாள். அவனை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் பூப்போட்ட தட்டு வந்தது. சங்ககிரியிலிருந்து போனும் வந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மறுநாள் அவளிடம் போய், என்ன குறை என்று மட்டும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு, அதை மறைக்கவும் இல்லை. அவளுக்கும் அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"செல்லையா வண்டியக் கழுவணும்னு சொன்னான்" என்றாள். "கூட நின்னு ஒரு கை குடுங்கண்ணே. பின்பக்கம் நீங்க பாத்துக்கங்க."

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். செல்லையாவின் வண்டியின் பின்பக்கத்தில் கழுவுவதற்கு என்று எதுவும் இல்லை. கித்தான் மேலே சுருட்டிக் கட்டியிருந்தது. ஆட்கள் மிதித்து மிதித்துத் தேய்ந்த ஒரு படி. ஸ்டெப்னி பலகைக்கு அடியில் கிடந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பலகை, அதைத் தாண்டிப் பாதை. சவரிமுத்து ஈரக் கையோடு நின்று அடுத்த வண்டியைப் பார்த்தான். அதற்கடுத்ததைப் பார்த்தான். வரிசையில் நின்ற எல்லா ஜீப்பும் பின்னால் திறந்தே இருந்தன. இத்தனை நாளும், பாவம் இவர்களுக்கு வசதியில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஹனீபா ரொம்ப வருத்தப்பட்டார். இவ்வளவு அழகான வேலையை அறுக்கச் சொல்கிறாயே என்று கேட்டுக்கொண்டே அறுத்தார். டயரையும் வின்ச்சையும் விட்டுவைத்தார்கள். தகடு போயிற்று, சட்டம் போயிற்று, ஏணி போயிற்று. தகட்டில் ஒரு துண்டை மட்டும் வளைத்து, ஏறுகிறவர்களுக்கு ஒரு படியாகத் தாழ வைத்துக் கொடுத்தார். அது அவருக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது தடவை அன்னக்கொடி அந்தப் படியில் கால் வைத்து ஏறினாள். மூடுவதற்குக் கதவு இல்லை.

மேலே போய்த் திரும்பி வரும்போது, யானைமுடக்குக்குக் கொஞ்சம் மேலேயே எதிரில் ஹாரன் கேட்டது. கடைசியாகக் கடந்த ஒதுக்கு இரண்டு வளைவுக்குப் பின்னால் இருந்தது. சவரிமுத்து வண்டியை நிறுத்தினான். ஒரு கையை சீட்டின் முதுகில் போட்டு முழுசாகத் திரும்பினான். முதலில் தெரிந்தது பாதை இல்லை, பலகையில் உட்கார்ந்திருந்த அவள் முகம். அவள் அவன் பார்வைக்கு வழி விட்டுச் சற்றுச் சாய்ந்துகொண்டாள். அதற்கப்புறம் பாதை தெரிந்தது. இருபது வருஷமாகத் தன் வண்டியில் பின்னால் என்ன இருக்கிறது என்று அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வண்டி மெல்ல மெல்லப் பின்னால் ஏறியது. முதல் வளைவில் ஒரு தடவை நின்று சரி செய்துகொண்டான். இரண்டாவதில் நிற்கவில்லை. ஒதுக்கில் மலையை ஒட்டி நிறுத்தி, பள்ளத்துப் பக்கம் தாராளமாக இடம் விட்டான்.

செல்லையாவின் ஜீப் வளைவுகளில் ஏறி வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரக் கொஞ்ச நேரம் இருந்தது. சவரிமுத்துவுக்கு அந்தக் கியர்பாக்ஸ் விளக்கம் ஞாபகம் வந்து வெட்கமாகப் போயிற்று. சிரித்துக்கொண்டான்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வண்டி வாங்குறப்ப எல்லாத்தையும் பின்னாடியே ஓட்டிப் பாத்தீங்க. அது இப்ப வெளங்குது. ஆனா ஒரு வண்டியக்கூட முன்னாடி ஓட்டிப் பாக்கலையே, அது ஏன்?"

அவள் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஹனீபாவின் படியில் கால் வைத்து இறங்கினாள். செல்லையாவின் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்த பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் செய்தார்கள். அவள் சவரிமுத்துவின் பக்கம் வந்து கதவில் கை வைத்தாள்.

"முன்னாடி போறதுல உங்க மேல எனக்கு என்னைக்குண்ணே சந்தேகம் இருந்துச்சு?"

செல்லையாவின் வண்டி அவளை ஏற்றிக்கொண்டு மேலே போயிற்று. சவரிமுத்து கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பலகை காலியாக இருந்தது.